மங்கலாக விழுந்த பிணம்

அந்தக் கொலைக் காட்சியில் மிக அழகாகப் பதிவாகியிருந்தது கேரலின் இடது கண்ணிமைதான்.

ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்றது. உதட்டோரத்து வியர்வைத் துளிகூடத் தெரிந்தது. பாட்டுக்கு வாயசைத்தபடி அவள் முன்னும் பின்னும் ஆடினாள். முன்னால் சாயும்போதெல்லாம் முகம் ஒரு கணம் கரைந்து, மறுகணம் தெளிந்தது. அவள் தலைக்குப் பின்னால் இருந்த உலகம் முழுவதும் தண்ணீரில் கரைத்த வண்ணப்பொடி. சீரியல் பல்புகள் ஊதிப் பெருத்த பொன் வட்டங்களாக மிதந்தன.

அந்த வட்டங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை நகர்ந்து வந்தது. அதன் எதிரே வெள்ளையாக இன்னொரு கறை. ஆரஞ்சிலிருந்து நீளமாக ஏதோ மேலே போயிற்று, கீழே இறங்கிற்று. மறுபடி மேலே, மறுபடி கீழே. வெள்ளை சாய்ந்தது. சாய்ந்த பிறகும் ஆரஞ்சு விடவில்லை. குனிந்து குனிந்து அடித்தது.

கேரல் சிரித்துக்கொண்டே சரணத்துக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் சித்தையன் லேப்டாப்பை நிறுத்தினார். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்துக்காரர். மைசூருக்கு வந்து தலை நரைத்தும் பேச்சு நரைக்கவில்லை.

"பாத்துட்டீங்களாங்க? வெள்ளை, செத்துப்போன வீடியோக்காரன் மெர்வின். ஆரஞ்சு, மாப்பிள்ளை தீபக். கல்யாணத்துக்கு முன்னாடி வீடியோ எடுக்கப் போன அந்தப் பங்களாவுல ஆரஞ்சு ஜிப்பா போட்டிருந்தது ஒரே ஒரு ஆளுங்க. ஜிப்பா பூரா மெர்வின் ரத்தம். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"ஒரு மூஞ்சி வேணும் சார்," என்றான் சீனு.

துப்பறியும் சொர்ணலதாவிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன் சீனு கல்யாணப் போட்டோகிராஃபராக இருந்தவன். ஒரு தாலி கட்டும் படத்தில் நாதஸ்வரக்காரரைத் தெளிவாகவும் மாப்பிள்ளையை மங்கலாகவும் எடுத்துத் தொலைத்ததால் மண்டபத்திலேயே உதை வாங்கித் தொழிலை விட்டான். வாயை மட்டும் விடவில்லை.

சொர்ணலதா, தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். புடவையை முழுக்க விரிக்காமல் விலை சொல்கிறவனை நம்பக்கூடாது என்பது அவள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். அவள் அந்த வெள்ளைக் கறை விழுந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"கேமராவை யார் பிடிச்சிருந்தாங்க?"

"யாரும் இல்லீங்க. மெர்வினோட கூட்டாளி ஜோ கேமராவை ஸ்டாண்டுல மாட்டி ஓட விட்டுட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தப் பின்பக்கம் போயிட்டாராம். வந்து பாத்தா மெர்வின் மண்டை தேங்காயாட்டம் பிளந்து கெடக்குது. பக்கத்துல லைட் ஸ்டாண்டோட இரும்புக் கம்பி. அவரே கேமராவைக் கொண்டாந்து குடுத்தாருங்க."

"தீபக் என்ன சொல்றார்?"

"வேர்க்குதுன்னு ஜிப்பாவைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, காருல போய்த் தூங்கினேங்கறான். சாட்சி கேட்டா கார் சாட்சிங்கறான். காலையில, போஸ் சொல்லிக் குடுக்கறேன்னு மெர்வின் பொண்ணோட இடுப்பைத் தொட்டிருக்கான். இவன் சட்டையைப் புடிச்சிருக்கான். எல்லாரும் பாத்திருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பறேனுங்க. வீடியோ காப்பி வேணும்னா எடுத்துக்குங்க. மாதேஸ்வரன் மலை நகைத் திருட்டுல நீங்க பண்ணின உதவியை நான் மறக்கலை."

லாக்கப்பில் தீபக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போலீஸ் வருவதற்கு முன்பே மெர்வினின் தம்பிகள் வந்துவிட்டார்கள். முன்பல் இரண்டைக் காணோம். வலது கண் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கி மூடியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் கை போனது.

"நான் அடிக்கலைங்க," என்றான். "சட்டையைப் புடிச்சது நெசம். அதோட சரி."

"அடிச்சவன் இவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டான் அக்கா," என்றான் சீனு மெல்ல.

வெளியே படிக்கட்டில் கேரல் நின்றிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைச் சீருடையோடே வந்திருந்தாள். சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன் நிற்க வேண்டிய மாப்பிள்ளையை மீட்கத்தான் சொர்ணலதாவைப் பிடித்திருந்தாள்.

"மேடம், மெர்வினோட தம்பிங்க ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கிறாங்க. ஜெயிலுக்குள்ள ஆள் வெச்சு முடிச்சிடுவோம்னு சொல்றாங்க. நாளைக்கு அவரை அங்க அனுப்பினா…" கண்கள் நிறைந்தன.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். கேமராவுக்குப் பின்னால யாரும் இல்லைங்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். மூஞ்சிக்கு நேரா ரெண்டு பெரிய லைட்டு. அதுக்கு அந்தப் பக்கம் ஒரே இருட்டு. லென்ஸ் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதையே பாருன்னு சொல்லியிருந்தாங்க. பாட்டு வேற ஸ்பீக்கர்ல அலறுது. முடிஞ்சதும் லைட்டு அணைஞ்சது. 'அடுத்த புடவை'ன்னு ஜோ குரல் குடுத்தார். நான் திரும்பிப் பாக்காம பக்கவாட்டுக் கதவு வழியா மாடிக்குப் போயிட்டேன். இறங்கி வரும்போதுதான்…"

"ஜோ எங்க இருந்து குரல் குடுத்தார்? முன்னால இருந்தா, பின்னால இருந்தா?"

கேரல் நெற்றியைச் சுருக்கினாள். "பின்னால. என் முதுகுப் பக்கம் இருந்து."

சொர்ணலதா தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஊதுபத்திக் கடைக்கு மேலேதான் அவர்கள் ஆபீஸ். சந்துக்குள் ஸ்கூட்டர் திரும்பியதும் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. இறங்கிய இருவரும் செத்துப்போன மெர்வினின் முகத்தையே ஆளுக்குப் பாதி பங்கிட்டிருந்தார்கள்.

"கொலைகாரனுக்கு வக்காலத்தாடா?" பெரியவன் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் சீனுவின் வாயில் குத்தினான்.

சீனு பூக்கடைக் கூடைமேல் மல்லாந்தான். எழுந்தபோது உதட்டில் ரத்தம், தலையில் மல்லிகை. "பேடா குரு, பேடா! வேண்டாம் நண்பா! கேள்வி கேட்டா பதில் சொல்ல டைம் குடுக்கணும்!"

அடுத்த உதை விலாவில் விழுந்தது. சின்னவன் ஸ்கூட்டரைச் சாய்த்து ஹெட்லைட்டை மிதித்து நொறுக்கினான். பிறகு கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சீனுவை நோக்கி வந்தான்.

இளநீர் வண்டி பக்கத்தில் இருந்தது. சொர்ணலதா ஒரு காயை எடுத்தாள், எடை பார்ப்பதுபோல் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள், எறிந்தாள். சின்னவனின் முழங்கால் சில்லில் அது மோதிய சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. அவன் அலறி உட்கார்ந்தான். பெரியவன் திரும்புவதற்குள் அவள் கையில் அடுத்த காய் இருந்தது.

"இன்னும் நிறைய இருக்கு. எல்லாம் முத்தின காய்," என்றாள். "உங்க அண்ணனைக் கொன்னவனைத்தான் நானும் தேடறேன். அது தீபக்தான்னு நிச்சயமாத் தெரிஞ்சா நானே விலகிக்கறேன். ஆனா, அவன் இல்லைன்னா? நீங்க தப்பான ஆளை அடிச்சுக் கொன்னுட்டு, சரியான ஆள் கையைப் பிடிச்சு அண்ணனுக்காக அழுவீங்க. அது பரவாயில்லையா?"

பெரியவனின் கை தாழ்ந்தது. கோபத்துக்கு அடியில் தேங்கி நின்றது வெளியே வந்தது. நடுச்சந்தில் நின்று அழுதான். சின்னவன் முழங்காலைப் பிடித்தபடியே செல்போனை எடுத்தான்.

"அண்ணன் கடைசியா எங்க வீட்டுக்கு எடுத்துக் குடுத்தது ஆன்ட்டி. என் பாப்பாவோட ஞானஸ்நானம்."

திரையில் ஒரு குழந்தை முகம். பின்னால் சர்ச் மெழுகுவர்த்திகள் பொன் வட்டங்களாக. குழந்தை முன்னால் தவழ்ந்தபோது முகம் ஒரு கணம் கரைந்து, பிறகு தெளிந்தது.

"அழகா இருக்கு," என்றாள் சொர்ணலதா. "அண்ணன் கேமராவா?"

"ஜோவோடது. லென்ஸும் அவனோடதுதான், ஏதோ பழங்காலத்து லென்ஸு. அண்ணனுக்கு அது ஒத்தே வராது. திட்டிக்கிட்டேதான் எடுப்பான்."

"இதை எனக்கு அனுப்பி வை," என்றாள். சீனுவின் தலையிலிருந்த மல்லிகையைத் தட்டிவிட்டாள். "உனக்கு எங்கே வலிக்குது?"

"வலிக்காத இடத்தைக் கேளுங்கக்கா. சீக்கிரம் சொல்லிடுவேன்."

ஆபீஸில் உதட்டுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு சீனு பாடம் நடத்தினான்.

"கேமராக்காரங்களுக்கு இது ஒரு வியாதிக்கா. லென்ஸை முழுசாத் திறந்து வெச்சா, தெளிவு கத்திமுனை அளவுக்குத்தான் இருக்கும். மூக்கு நுனி தெளிஞ்சா காது மங்கும். சினிமா மாதிரி இருக்கும்னு கல்யாண வீட்டுக்காரங்க மயங்கிடுவாங்க. ஆனா அந்தப் பொண்ணு ரெண்டு விரற்கடை முன்னால ஆடினாப் போதும், மூஞ்சி களியாயிடும். அதனால ஒரு கை எப்பவும் லென்ஸ் வளையத்து மேலயே இருக்கணும். அவ ஆட ஆடத் திருப்பிக்கிட்டே இருக்கணும்."

"தானா திருப்பிக்காதா?"

"புது லென்ஸ்னா திருப்பிக்கும். இது பழசு. உள்ள மோட்டாரே கிடையாது."

"அப்ப ஆள் இல்லாத கேமராவுல கேரல் ஆட ஆட எப்படித் தெளிவா இருக்கா?"

சீனுவின் கையிலிருந்த ஐஸ் நழுவியது. "அக்கா! ஜோ பொய் சொல்றான். கேமரா பின்னால நின்னு கொலையைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்!"

"ஒரு பொய்யை வாங்கினா இன்னொண்ணு இனாமா வரும்," என்றாள் சொர்ணலதா. சித்தையனுக்கு ஒரு போன் போட்டாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லஷ்கர் மொகல்லாவில், மாடியில் இருந்தது ஸ்டூடியோ. வாசலில் மெர்வின் படத்துக்கு மாலை. உள்ளே ஜோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஒல்லியான, மெல்லப் பேசுகிற ஆள். கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான்.

"பெங்களூர்ல ஒரு சினிமா டைரக்டர் மெர்வினைக் கூப்பிட்டிருந்தார், சிஸ்டர். இப்ப அவன் இடத்துல நான் போறேன். அவன் ஆசையை நானாவது நிறைவேத்தணும்."

சீனு அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தான். ஒரு கறுப்பு ஹெல்மெட்டை எடுத்துத் தட்டினான். உச்சியில் நீளமாக ஒரு பிளவு. "என்ன குரு, மண்டை பிளந்து கெடக்கு?"

"ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன்."

"உங்க மேல ஒரு கீறல்கூடக் காணோம்?"

"அதுக்குத்தானே ஹெல்மெட்."

சொர்ணலதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி, நீ ஜெனரேட்டர் பக்கம் போகலை."

ஜோவின் கை பெட்டிமேல் நின்றது.

"கேரல் ஆட ஆட ஃபோகஸ் கூடவே வருது. ஆள் இல்லாத கேமராவுக்குக் கை முளைக்காது. இதை இன்ஸ்பெக்டர் கிட்டச் சொன்னா, உன்னையும் சேத்து உள்ளே தள்ளுவார்." நிறுத்தினாள். குரலை இறக்கினாள். விலையையும் இறக்கினாள். "ஆனா எனக்குப் புரியுது. கண்ணு முன்னால ஒருத்தனை அடிச்சுக் கொல்றான். கை கால் ஓடாம நின்னுருப்பே. பயப்படறது குத்தமா? பயந்து பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நீ நேர்ல பாத்த சாட்சி. கேரலுக்கு நான் கேஸைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவேன்."

ஜோ நெடுமூச்சு விட்டான். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"ஆமா சிஸ்டர். நான்தான் கேமரா பின்னால இருந்தேன். இந்தக் கையாலதான் ஃபோகஸ் பிடிச்சேன். தீபக் அடிச்சதை இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பயந்துட்டேன்."

சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்குகிறவனைக் கடைக்காரர்கள் இரண்டாம் முறை பார்ப்பார்கள். பெரும்பாலும் நோட்டு கள்ள நோட்டாக இருக்கும்.

"கோர்ட்டுல நம்பணுமே தம்பி. அதே கேமரா மாதிரி இன்னொண்ணு இருக்குமில்ல? அதே மாதிரிப் பழைய லென்ஸ் போட்டு, சீனு மூஞ்சியை எடுத்துக் காட்டு. அவன் ஆடுவான்."

"நான் ஆடறதைப் பாக்க யாரும் காசு குடுத்ததில்லை," என்று முணுமுணுத்தபடி சீனு ஸ்டூலில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

ஜோ கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினான். பதிவு விளக்கு சிவந்தது. சீனு முன்னால் வந்தான், பின்னால் போனான், கோழிபோல் கழுத்தை வெட்டினான். ஜோவின் விரல்கள் வளையத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தன. சின்னத் திரையில் சீனுவின் கிழிந்த உதடு ஒரு நொடிகூடக் கரையவில்லை. வெண்ணெயில் கத்தி போவது போலிருந்தது வேலை.

"பிரமாதம்," என்றாள் சொர்ணலதா. உண்மையாகவே சொன்னாள். "இப்ப இதைப் பாரு."

லேப்டாப்பில் கேரல் வாயசைத்தாள். முன்னால் சாய்ந்தாள். முகம் கரைந்து தெளிந்தது. மறுபடி சாய்ந்தாள். மறுபடி கரைந்து தெளிந்தது.

"ஒவ்வொரு தடவையும் முதல்ல தப்பான பக்கம் திரும்புது. அப்புறம்தான் சரியாகுது. ஏன் தம்பி?"

சீனு ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தான்.

"அக்கா, எனக்குத் தெரியும். ஒரு கம்பெனி லென்ஸ் இந்தப் பக்கம் திருப்பினா கிட்ட வரும். இன்னொரு கம்பெனியோடது நேர் எதிர்ப்பக்கம். ஒண்ணுல பழகின கை இன்னொண்ணுல போனா, முதல்ல தப்பாத்தான் திருப்பும். பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி. மனசுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது."

சொர்ணலதா செல்போனை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். ஞானஸ்நானக் குழந்தை முன்னால் தவழ்ந்தது. கரைந்தது, தெளிந்தது.

"இது மெர்வின் எடுத்தது. உன் லென்ஸுல. கேரலை எடுத்ததும் இதே கைதான். நீ இல்லை."

"பைத்தியமா?" ஜோ சிரிக்கப் பார்த்தான். "மெர்வின் பின்னால அடி வாங்கிச் செத்துக்கிட்டிருக்கான். அவனே எப்படிக் கேமராவைப் பிடிப்பான்?"

"அதான் நானும் கேட்டேன். அப்ப பின்னால அடி வாங்கினது யாரு?"

அவள் காட்சியை மெல்ல நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"கேரல் முன்னால வர்றா. மெர்வின் கை பழக்கதோஷத்துல தூரத்துப் பக்கம் திருப்பிடுது. அந்த ஒரு கணம் அவ மூஞ்சி மங்குது. பின்னால இருக்கறது கொஞ்சம் தெளியுது. நீ இதை எத்தனை தடவை பாத்திருந்தாலும் இதைப் பாத்திருக்க மாட்டே. ஃபோகஸ் பிடிக்கிறவன் கண்ணு மூஞ்சியை விட்டு நகராது. எங்கப்பா கடையில பொம்மைக்குச் சட்டை மாட்டி வளந்தவ நான். முழங்கால் மடியாம விழறது பொம்மை மட்டும்தான். அதான் நான் அங்கேயே பாத்தேன்."

திரையில், சாய்ந்துகொண்டிருந்த வெள்ளைக் கறைக்குக் கீழே மூன்று மெல்லிய கால்கள் விரிந்து நின்றன.

"லைட் ஸ்டாண்டு," என்றாள். "அதுமேல ஒரு வெள்ளைத் துணி. தலைக்கு, இதோ, சீனு மடியில இருக்கறது. பெங்களூர் டைரக்டருக்குக் காட்ட ஒரு ஷாட் எடுக்கலாம்னு மெர்வின் கிட்டச் சொன்னே. முன்னால காதல் தெளிவா, பின்னால கொலை மங்கலா. பொண்ணுக்குச் சொல்ல வேண்டாம், மூஞ்சியில கள்ளம் வந்துடும்னு சொன்னே. ஆணியில இருந்த ஜிப்பாவைப் போட்டுக்கிட்டு நீ அடிச்சே. உன் கேமராவுல அவன் எடுத்தான். பாட்டு முடிஞ்சது, பின்னால இருந்து நீதான் குரல் குடுத்துக் கேரலை மாடிக்கு அனுப்பினே. மெர்வின் 'சூப்பர்டா'ன்னு சொல்லிக்கிட்டே ஸ்டாண்டை நிமித்தக் குனிஞ்சிருப்பான். அதே கம்பி. அதே ஜிப்பா. இந்தத் தடவை நெசம். பாவம், தன் சாவை அவனே எடுத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

"சூப்பர்டான்னு சொல்லலை," என்றான் ஜோ. மெல்லிய குரல் எங்கோ போயிருந்தது. "'என் பேரைப் பெரிசாப் போட்டுடு'ன்னு சொன்னான். எடுத்தது பூரா என் கண்ணு. போட்டுக்கிட்டது பூரா அவன் பேரு. அந்த டைரக்டர் பாத்து மயங்கினது அத்தனையும் நான் எடுத்தது. கடைசியா ஒண்ணாவது அவன் எடுத்ததா இருக்கட்டும்னுதான்…"

வாக்கியத்தை முடிக்காமல் பக்கத்திலிருந்த லைட் ஸ்டாண்டைப் பிடுங்கிச் சுழற்றினான்.

முதல் வீச்சில் லேப்டாப் இரண்டாயிற்று. இரண்டாவது சொர்ணலதாவின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் நாற்காலியோடு சரிந்தாள். பல்பு வெடித்துக் கண்ணாடி மழையாய்க் கொட்டியது. ஜோ அவள் தலைக்கு நேராகக் கம்பியை ஓங்கினான்.

"குரு!" என்று கத்தினான் சீனு. "பிளந்த மண்டை இங்க இருக்கு!"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலைத் தள்ளி எழுந்தான். ஜோ திரும்பிப் பாய்ந்தான். கம்பி ஹெல்மெட்டில் விழுந்தது. பிளவு இன்னும் ஓர் அங்குலம் ஓடியது. மறுபடி விழுந்தது. சீனு முழங்காலிட்டான். மூன்றாவது அடிக்கு ஹெல்மெட் தாங்காது என்பது இருவருக்கும் தெரிந்தது.

சொர்ணலதா எழவில்லை. உருண்டாள். சுவரோரம் கூரையிலிருந்து தொங்கிய பின்னணித் திரையின் கயிற்றை நல்ல கையால் பிடித்து முழு எடையோடு இழுத்தாள். மேலே இருந்த இரும்புக் குழாய், அரண்மனை வரைந்த திரையைச் சுமந்தபடி, ஜோவின் பிடரியில் வந்து இறங்கியது. அவன் குரல் பாதியில் அறுந்தது. கம்பி கையிலிருந்து தெறித்தது. சீனு அவன்மேல் விழுந்து, கிடைத்த இடத்திலெல்லாம் குத்தினான்.

"இது உதட்டுக்கு! இது விலாவுக்கு!"

"அதெல்லாம் தம்பிங்க அடிச்சதுடா," என்றாள் சொர்ணலதா தரையிலிருந்து.

"யாரோ ஒருத்தர் வாங்கிக்கணுமில்லக்கா!"

படியேறி ஓடிவந்த சித்தையன் அவனைப் பிய்த்து எடுத்தார். "கீழ நில்லுங்க, கூப்பிடறேன்னீங்க. கூப்பிடற சத்தம் இதுதானுங்களா?"

ஜோ வாயிலிருந்து ரத்தம் துப்பினான். "ஒப்புக்கவே மாட்டேன். அந்தம்மா உளர்றாங்க. கழட்டின ஜிப்பா, மூணு காலு, யார் நம்புவா? இவனுங்கதான் என்னை வந்து அடிச்சானுங்க."

அப்போதுதான் சீனு கேமராவைப் பார்த்தான். ஸ்டாண்டில் அப்படியே நின்றிருந்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை.

ஓட்டிப் பார்த்தார்கள். ஜோவின் குரலில் வாக்குமூலம் முழுவதும் கேட்டது. பிறகு கலைந்த வண்ணங்கள். கறுப்பு ஒன்று ஓடியது, நீலம் ஒன்று சரிந்தது, வெள்ளிக் கோடு சுழன்றது. யார் எவர் என்று தெரியாத குழம்பு. சித்தையன் உதட்டைப் பிதுக்கினார்.

சீனு ஸ்டூலைத் தள்ளி எழுந்த இடம் வந்தது. ஃபோகஸ் இன்னும் அந்த ஸ்டூல்மேலேயே நின்றது. மங்கலுக்குள்ளிருந்து ஜோ பாய்ந்து வந்தான். சரியாக அந்த இடத்தில், கம்பியை ஓங்கியபடி, ஒரு கணம் நின்றான். ஒவ்வொரு இமைமயிரும், பல்லிடுக்கும், கழுத்து நரம்பும் தெளிந்தன. கொல்கிற முகம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை.

"மூஞ்சி கேட்டீங்களே தம்பி," என்றார் சித்தையன். "கெடைச்சிருச்சுங்க."

"இந்தத் தடவை கேமராவை நெசமாவே யாரும் பிடிக்கலை," என்றாள் சொர்ணலதா.

சாயங்காலம் ஸ்டேஷன் படியில் தீபக்கை வெளியே விட்டார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். எதிரே தெருவில் மெர்வினின் தம்பிகள் நின்றிருந்தார்கள். பெரியவன் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

கேரல் படியேறிப் போய்த் தீபக்கின் வீங்கிய கண்ணை நர்ஸின் விரலால் மெல்லத் தொட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது திறக்காது."

"ஒரு கண்ணுதான் தெரியுது," என்றான் தீபக், பல் இல்லாத வாயால். "பரவாயில்லையா?"

"போதும். கேமராவுக்கும் ஒண்ணுதானே," என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

கையைக் கழுத்திலிருந்து துணியால் தொங்கக் கட்டியிருந்த சொர்ணலதா சீனுவின் முழங்கையை இடித்தாள். "கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க ஆள் இல்லையாம். நீ பழைய தொழிலுக்குப் போறியா?"

சீனு தெருவில் நின்ற தம்பிகளையும், தன் உதட்டையும், கையிலிருந்த பிளந்த ஹெல்மெட்டையும் பார்த்தான்.

"போறேங்கக்கா. ஆனா எல்லாரையும் தெளிவா எடுப்பேன். கடைசி வரிசை வரைக்கும்."